கணினிக் கேள்வி பதில்: கேட்காமலே வந்து குந்திய மென்பொருள்கள்

புது லெப்டொப் வாங்கியவர்களும் பழையதை வாங்கியவர்களும் இம்முறை ஏறக்குறைய ஒரே விடயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். நாம் கேட்காமலே கணினியில் இருக்கும் மென்பொருள்களை எப்படி மிச்சமில்லாமல் நீக்குவது? ஆளுக்காள் நிலைமை வேறு என்பதால் தனித்தனியாகவே பதில் தருகிறோம். பொதுவான ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு மென்பொருள் எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்று தெரியாமல் அதை அழித்தால் அது திரும்பி வரும். செயலிப் பட்டியலில் இருப்பது வேறு, விண்டோஸைத் திரும்பப் போடுவதற்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய மீட்புப் பகுதியில் இருப்பது வேறு, தாய்ப்பலகையின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னரே ஓடும் அடிப்படை நிரலில்) இருப்பது வேறு. மெனுப் பெயர்களை விண்டோஸ் 11இன் ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுக்காகத் தவணைக்குப் புது லெப்டொப் எடுத்தோம். 8 ஜீ.பி. ரெம், 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. திறந்த நாளிலிருந்து மெக்கஃபீ காசு கட்டச் சொல்கிறது. ஒஃபிஸ் பட்டியலில் நாலைந்து தடவை நிற்கிறது. விளையாட்டுகள் வேறு. எதை, எந்த ஒழுங்கில் நீக்குவது?
– பெற்றோர் ஒருவர், ஹட்டன்

பதில்: எதையும் நீக்க முன்னர் லெப்டொப் வந்த பெட்டியையும் விலைச்சிட்டையையும் பாருங்கள். ‘ஒஃபிஸ் ஹோம் அன்ட் ஸ்டூடன்ட்’ என்று இருந்தால் அது மாதச் சந்தா இல்லாத, நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட ஒஃபிஸ். அதை மகளின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் பதிந்து முடித்த பிறகுதான் மற்ற வேலை. அப்படி எதுவும் இல்லையென்றால் இருப்பது வெறும் சோதனைப் பிரதி, தாராளமாக நீக்கலாம்.

செட்டிங்ஸ், அப்ஸ், இன்ஸ்டோல்ட் அப்ஸ் என்று போங்கள். மேலே உள்ள ‘சோர்ட் பை’ என்பதில் திகதியைத் தேர்ந்தெடுத்தால் தொழிற்சாலையில் ஒரே நாளில் போடப்பட்டவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தெரியும். எது உங்களுடையது, எது அவர்களுடையது என்று பிரித்தறிய இதைவிட இலகுவான வழி இல்லை.

முதலில் மெக்கஃபீ என்ற வைரஸ் காவலன். அது பெரும்பாலும் ஒரே பெயரில் இருக்காது. ‘வெப் அட்வைசர்’ என்று ஒன்று, பிரதான மென்பொருள் என்று ஒன்று, சில கணினிகளில் ஸ்டோரிலிருந்து வந்த ‘பர்சனல் செக்கியூரிட்டி’ என்று மூன்றாவதாகவும் ஒன்று நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி அன்இன்ஸ்டோல் கொடுங்கள். நடுவில் ‘கழிவு தருகிறோம், போகாதீர்கள்’ என்று திரை வரும். அதில் சிறிய எழுத்தில் இருக்கும் நீக்கும் வரியைத்தான் தேடி அழுத்த வேண்டும். முடிந்ததும் ரீஸ்டார்ட். மூடித் திறப்பது ரீஸ்டார்ட் அல்ல. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும்போது ஷட்டவுன் செய்தாலும் கணினியின் உள்நிலை சேமிக்கப்பட்டே திறக்கும். நீக்கப்பட வேண்டிய டிரைவர்கள் (விண்டோஸின் அடித்தளத்தில் ஓடும் சிறு நிரல்கள்) அப்படியே நிற்கும்.

அதன் பிறகும் மிச்சம் இருந்தால் மெக்கஃபீ நிறுவனமே தரும் எம்.சி.பி.ஆர். என்ற நீக்கும் கருவி இருக்கிறது. நோர்ட்டன் என்ற வைரஸ் காவலனுக்கும் அதேபோல ‘ரிமூவ் அன்ட் ரீஇன்ஸ்டோல்’ கருவி உண்டு. அதில் நீக்குவதை மட்டும் செய்யும் தெரிவை எடுங்கள். இரண்டையும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடும்போது முதலில் வரும் விளம்பர இணைப்புகள் வேறு எதையாவது இறக்கிவைக்கும். ஒரு வைரஸ் காவலனுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், அது கோப்பு திறப்பதையும் இணைய இணைப்பையும் இடைமறிக்கும் டிரைவர்களை விண்டோஸின் அடித்தளத்தில் போட்டிருக்கிறது. அதன் ஃபோல்டரைக் கையால் அழித்தால் டிரைவர் மட்டும் எஞ்சி, சில நேரம் இணையமே வேலை செய்யாமல் போகும்.

மெக்கஃபீ போனதும் விண்டோஸோடே வரும் வைரஸ் காவலனான விண்டோஸ் டிஃபென்டர் தானாக விழித்துக்கொள்ளும். விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து ‘வைரஸ் அன்ட் திரெட் புரொடெக்ஷன்’ பக்கத்தில் பச்சை அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பாடசாலைப் பிள்ளை ஒருவரின் பாவனைக்கு அது தாராளமாகப் போதும் என்பதே எமது கருத்து.

ஒஃபிஸ் நாலைந்து தடவை நிற்பதற்குக் காரணம் மொழிகள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வன்நோட்டுக்கும் அப்படியே. காசு கொடுத்த ஒஃபிஸ் என்றால் ஆங்கில வரியை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். சோதனைப் பிரதி என்றால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு லிப்ரே ஒஃபிஸ் போடலாம், அது முற்றிலும் இலவசம்.

விளையாட்டுகளை ஸ்டார்ட் மெனுவில் வைத்தே வலது கிளிக் செய்து நீக்கலாம். அவற்றுள் பல இன்னும் முழுதாக இறங்கியிராத வெறும் சின்னங்கள். அழுத்தினால்தான் டேட்டா செலவாகி இறங்கும். எனவே என்னவென்று பார்ப்பதற்காகக்கூட அழுத்த வேண்டாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்டோர் வகைச் செயலி ஒன்றை இப்படி நீக்கினால் அந்தப் பாவனையாளர் கணக்கிலிருந்து மட்டுமே அது போகும். கணினிக்குள் ஒரு மூலப் பிரதி இருக்கும். நாளைக்குத் தம்பிக்கென்று புதுக் கணக்குத் திறந்தால் அத்தனையும் அங்கே மீண்டும் முளைக்கும். மூலப் பிரதியை நீக்க, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து கட்டளை கொடுக்க வேண்டும். கட்டளையின் பெயரில் ‘புரொவிஷன்ட் பேக்கேஜ்’ என்ற சொற்கள் இருந்தால்தான் அது மூலப் பிரதியைத் தொடும். அவை இல்லாத கட்டளை உங்கள் கணக்கை மட்டுமே சுத்தம் செய்யும். வீட்டில் ஒரே கணக்குதான் என்றால் இதற்காகச் சிரமப்படத் தேவையில்லை.

கடைசியாக மிச்சம் பார்ப்பது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப் அப்ஸ்’ பாருங்கள். பிறகு ‘டாஸ்க் ஷெடியூலர்’ திறந்து நீக்கிய நிறுவனத்தின் பெயரில் ஏதேனும் வேலை பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். நாளுக்கு ஒருமுறை எழும்பி விளம்பரம் காட்டுபவை இங்கேதான் ஒளிந்திருக்கும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, ‘புரோகிராம் டேட்டா’, ‘அப் டேட்டா’ ஆகிய மூன்று இடங்களிலும் எஞ்சிய ஃபோல்டர்களை இப்போது அழிக்கலாம். பின்னிரண்டும் மறைந்திருப்பவை. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ கொடுத்தால் தெரியும். அழிக்கும்போது ‘இக்கோப்பு பாவனையில் உள்ளது’ என்று வந்தால் நிறுத்துங்கள். அந்த மென்பொருளின் ஏதோ ஒரு பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ‘சேர்விசஸ்’ பட்டியலில் தேடுங்கள்.

கேள்வி: மெக்கஃபீயை நீக்கி ஒரு மாதமாகிறது. ஆனாலும் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே புதுப்பிக்கவும்’ என்று வலது மூலையில் வந்துகொண்டே இருக்கிறது.
– வாசகி, பண்டாரவளை

பதில்: அது மெக்கஃபீ அல்ல. படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன ஏதோ ஒரு தளம் ‘அலவ்’ அழுத்தச் சொல்லியிருக்கும். அழுத்தியதும் குரோம் வழியாக அறிவித்தல் அனுப்பும் அனுமதி அந்தத் தளத்துக்குக் கிடைத்துவிட்டது. குரோமில் செட்டிங்ஸ், ‘பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கக்கூடாது என்ற தெரிவையும் போட்டுவிடுங்கள். அந்த அறிவித்தலை அழுத்திக் கடன் அட்டை இலக்கம் எதையும் கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அதை நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

கேள்வி: வேகம் குறைந்துவிட்டது என்று ‘ரீசெட் திஸ் பீசி’ கொடுத்தேன். முடிந்து திறந்தபோது நீக்கிய மென்பொருள்கள் எல்லாம் திரும்ப நிற்கின்றன. போதாக்குறைக்கு தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் அனைத்தும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கோப்புகள் பழுதாகிவிட்டனவா?
– ஆசிரியை, கொட்டகலை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கோப்புகள் பழுதாகவில்லை, பயப்பட வேண்டாம். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி, எல்லாக் கணினிகளிலும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் பழைய எழுத்துரு. ரீசெட்டில் எழுத்துரு போய்விட்டது, அதனால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன. சக ஆசிரியர் ஒருவரின் கணினியில் சீ டிரைவ், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் என்று போய் பாமினிக் கோப்பைப் பிரதி எடுத்து, உங்கள் கணினியில் அதை வலது கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுத்தால் வினாத்தாள்கள் பழையபடி தெரியும். மலையகப் பாடசாலைகளில் இன்னும் ஏராளமான வினாத்தாள்கள் பாமினியில்தான் இருக்கின்றன. ஆகவே எந்தக் கணினியை அழிக்க முன்னரும் எழுத்துருக்களைப் பென்ட்ரைவில் எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் புள்ளிப் பதிவுகளை எடுத்து வைப்பது எவ்வளவு முக்கியமோ இதுவும் அவ்வளவு முக்கியம்.

இனி ரீசெட். உற்பத்தி நிறுவனங்கள் தங்கள் மென்பொருள்களை விண்டோஸுக்குள் மட்டும் போடுவதில்லை. ரீசெட் செய்யும்போது மீண்டும் போடுவதற்கென்று ஒரு பொதியையும் டிஸ்க்கில் வைக்கின்றன. ‘லோக்கல் ரீஇன்ஸ்டோல்’ கொடுத்தால் அந்தப் பொதியும் சேர்ந்தே வரும். ரீசெட் திரையில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ அழுத்தினால், பல கணினிகளில் ‘ரீஸ்டோர் ப்ரீஇன்ஸ்டோல்ட் அப்ஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ‘நோ’ என்று மாற்றியிருந்தால் பெரும்பாலானவை வந்திருக்காது. ‘கிளவுட் டவுன்லோட்’ தெரிவு விண்டோஸைப் புதிதாக இணையத்திலிருந்து எடுக்கும். அதற்கு 4 ஜீ.பி.க்கு மேல் டேட்டா போகும். இரவு டேட்டா உள்ள பொதி என்றால் அந்த நேரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

முழுச் சுத்தம் வேண்டுமென்றால் பென்ட்ரைவ் மூலம் விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் வழி. ஒரு பிற்பகல் வேலை. அவசரப்பட்டவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

தேவையானவை: குறைந்தது 8 ஜீ.பி. பென்ட்ரைவ் ஒன்று, அதில் இருப்பது முழுவதும் அழியும். கோப்புகளைப் பிரதி எடுக்க வேறொரு டிஸ்க். 5 ஜீ.பி.க்கு மேல் டேட்டா. மைக்ரோசொஃப்ட் தளத்தில் ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கி இயக்கினால் பென்ட்ரைவை அதுவே தயார் செய்யும். அது தயாராகும்போதே உங்கள் லெப்டொப் நிறுவனத்தின் உதவித் தளத்தில் தொடர் இலக்கத்தைக் கொடுத்து இரண்டு டிரைவர்களை இறக்குங்கள். ஒன்று வைஃபை, மற்றது இன்டெல் ரெப்பிட் ஸ்டோரேஜ். இரண்டாவது ஏன் என்றால், இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வந்த பல லெப்டொப்களில் விண்டோஸ் போடும் திரையில் டிஸ்க்கே தெரியாது. எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோய் வீணாகக் காசு கட்டுபவர்கள் உண்டு. ‘லோட் டிரைவர்’ அழுத்தி, விரித்து வைத்த அந்த டிரைவரைக் காட்டினால் டிஸ்க் தெரியும்.

அடுத்தது பிட்லொக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு திறந்த புதிய லெப்டொப்கள் பல, சொல்லாமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸில் ஏதாவது மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். கைப்பேசியில் மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பக்கத்தில் அந்தச் சாவியைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் டிஸ்க்கில் உள்ளதை எவராலும் எடுத்துத் தர முடியாது.

பென்ட்ரைவைச் செருகிக் கணினியைத் திறக்கும்போது டெல், லெனோவோ, ஏசர் என்றால் எஃப் 12, எச்.பி. என்றால் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப் 9, ஏசுஸ் லெப்டொப் என்றால் எஸ்கேப். விண்டோஸ் உரிமத்துக்கான சாவி இலக்கத்தைக் கேட்டால் (மேலே சொன்ன மீட்புச் சாவி அல்ல) ‘என்னிடம் இல்லை’ என்ற வரியை அழுத்துங்கள். விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் கணினிகளின் உரிமச் சாவி தாய்ப்பலகையிலேயே பதியப்படுகிறது. ‘ஹோம் சிங்கிள் லேங்குவேஜ்’ ஆனாலும் அதுவே அறிந்து எடுத்துக்கொள்ளும். பிறகு டிஸ்க் பகுதிகளின் பட்டியல் வரும். வெளி டிஸ்க்குகளை இதற்கு முன்னரே கழற்றிவிடுங்கள். அளவைப் பார்த்து, கணினியின் சொந்த டிஸ்க்கில் உள்ள பகுதிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ‘டிலீட்’ செய்து, ‘அன்அலொகேட்டட்’ என்ற ஒரே வரியாக்கி ‘நெக்ஸ்ட்’ கொடுங்கள். மீட்புப் பகுதியும் இதோடு போய்விடும். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் இதற்கு முன்னர் எச்.பி., டெல், லெனோவோ நிறுவனங்கள் இலவசமாகத் தரும் மீட்புக் கருவியால் இன்னொரு பென்ட்ரைவில் தொழிற்சாலைப் பிரதியை எடுத்து வைப்பது நல்லது.

விண்டோஸ் 11 முதல் முறை திறக்கும்போது இணையம் கேட்கும். வைஃபை தெரியாவிட்டால் அண்ட்ரொயிட் கைப்பேசியைக் கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூ.எஸ்.பி. டெதரிங் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஸ்டார்ட் தேடலில் ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்து ‘நோ’ கொடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட்டே நிறுவனத்தின் துணைச் செயலிகளைத் திரும்பவும் கொண்டுவரும்.

சாஜரைச் செருகி, பெட்டரி நிறைந்திருக்கும்போதுதான் இந்த வேலையைத் தொடங்குங்கள். மாலை இடிமழை நாட்களில் மின்சாரம் போய்வரும் இடங்களில் காலையில் செய்வது நல்லது.

கேள்வி: கடையில் பாகங்கள் வாங்கிப் பூட்டிய மேசைக் கணினி. விண்டோஸைச் சுத்தமாகப் போட்டேன். இணையம் கொடுத்ததும் ‘ஆர்மரி கிரேட் போடவா’ என்று தானாக வருகிறது. பென்ட்ரைவில் வைரஸா?
– இளைஞர், பதுளை

பதில்: இல்லை, உங்கள் பென்ட்ரைவ் சுத்தம். ஆர்மரி கிரேட் என்பது உங்கள் தாய்ப்பலகையைச் செய்த ஏசுஸ் நிறுவனத்தின் மென்பொருள். விண்டோஸ் 8 முதல் தாய்ப்பலகையின் பயாஸ், விண்டோஸ் திறக்கும்போது ஒரு சிறு நிரலை அதற்குள் செலுத்த மைக்ரோசொஃப்ட் இடம் கொடுத்திருக்கிறது. திருட்டுப்போன கணினியைக் கண்டுபிடிப்பது போன்ற தேவைகளுக்காக வந்த வசதி அது. தாய்ப்பலகை நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைப் போட இதைப் பாவிக்கின்றன. டிஸ்க்கை மாற்றினாலும் இது போகாது.

ஏசுஸ் பலகையில் டிலீட் அல்லது எஃப் 2 அழுத்தி பயாஸுக்குள் போய், எஃப் 7இல் விரிவான நிலைக்கு மாறி, ‘டூல்’ பக்கத்தில் ‘ஆர்மரி கிரேட்’ என்பதை ‘டிசேபிள்’ செய்யுங்கள். கிகாபைட் பலகைகளில் ‘அப் சென்டர் டவுன்லோட்’ அல்லது ‘யுட்டிலிட்டீஸ் டவுன்லோடர்’ என்றும், எம்.எஸ்.ஐ.யில் ‘டிரைவர் யுட்டிலிட்டி இன்ஸ்டோலர்’ என்றும் பெயர் இருக்கும். பயாஸைப் புதுப்பித்தால் இத்தெரிவு பழைய நிலைக்குத் திரும்பக்கூடும், மறுபடி பார்க்க வேண்டும்.

இது வெறும் தொல்லை மட்டுமல்ல. 2015இல் லெனோவோவின் ‘சேர்விஸ் எஞ்ஜின்’ இந்த வழியாகவே சுத்தமான விண்டோஸுக்குள் நுழைந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்ததும் நிறுவனம் அதை நீக்கும் பயாஸ் புதுப்பிப்பை வெளியிட்டது. 2023 மே மாதம் எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம், கிகாபைட்டின் 270க்கும் மேற்பட்ட பலகை வகைகளில் இந்த இறக்கும் வேலை போதிய சரிபார்ப்பு இல்லாமல் நடப்பதைக் கண்டுபிடித்தது. உங்கள் அனுமதி கேட்காமல் பயாஸிலிருந்து எதையும் இறக்க விடாதீர்கள். கிகாபைட் பலகை வைத்திருப்போர் பயாஸையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் பலகையே பாழாகலாம், ஆகவே யூ.பி.எஸ். இல்லாமல் மேசைக் கணினியில் அதைத் தொட வேண்டாம்.

இதே குடும்பத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014 செப்டெம்பர் தொடக்கம் விற்பனையான சில லெனோவோ லெப்டொப்களில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. அது வங்கித் தளங்களின் பாதுகாப்பு இணைப்பையும் இடைமறிக்கக்கூடிய ஒரு சான்றிதழை விண்டோஸில் பதித்தது. 2015 பெப்ரவரியில் விடயம் வெளியானது. மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் போகாது என்பதுதான் அதில் பயங்கரம். அந்தக் காலத்து லெப்டொப் இன்னும் வீட்டில் ஓடுகிறதென்றால் ஸ்டார்ட் தேடலில் ‘மனேஜ் யூசர் சேர்ட்டிஃபிகேட்ஸ்’, ‘மனேஜ் கம்ப்யூட்டர் சேர்ட்டிஃபிகேட்ஸ்’ ஆகிய இரண்டையும் திறந்து, ‘டிரஸ்டட் ரூட்’ பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள். ஃபயர்ஃபொக்ஸ் தனக்கென்று வேறு பட்டியல் வைத்திருக்கிறது, அதிலும் பார்க்க வேண்டும்.

கேள்வி: நிறுவனத்தின் பெயரில் இருந்த எல்லாவற்றையும் நீக்கினேன். இப்போது வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்வதில்லை.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: ‘ஹொட்கீ’ என்ற பெயரில் இருந்ததையும் சேர்த்து நீக்கியிருப்பீர்கள். நிறுவனத் தளத்தில் தொடர் இலக்கம் கொடுத்து அதை மட்டும் திரும்பப் போடுங்கள். ரியல்டெக், சினெப்டிக்ஸ், இன்டெல், ஏ.எம்.டி. என்று தொடங்குபவை, ‘விசுவல் சீ பிளஸ் பிளஸ்’ வரிகள் எத்தனை இருந்தாலும் அத்தனையும், ‘வெப்வியூ 2’ ஆகியவற்றைத் தொட வேண்டாம். லெனோவோ வான்டேஜ், மைஏசுஸ் போன்ற நிறுவனத் துணைச் செயலிகளை நாம் வைத்துக்கொள்ளவே சொல்வோம். எப்போதும் சாஜரில் கிடக்கும் லெப்டொப்பின் பெட்டரியை 80 சதவீதத்துக்கு அண்மையில் நிறுத்தி வைக்கும் வசதி அவற்றில் இருக்கிறது, பெட்டரி நீண்ட நாள் உழைக்கும். எட்ஜ் உலாவியை இலங்கையில் முறையாக நீக்க வழியில்லை. ஐரோப்பியச் சட்டத்தால் அங்கு மட்டும் அந்த வசதி வந்தது. வலிந்து பிடுங்காமல் பாவிக்காது விட்டுவிடுங்கள்.

கேள்வி: கண்டியில் பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கினேன். விண்டோஸ், ஒஃபிஸ், ஃபோட்டோஷொப் எல்லாம் ‘ஃபுல் வெர்ஷன்’ போட்டுத் தந்தார்கள். நம்பலாமா?
– வாசகர், கம்பளை

பதில்: நம்ப வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் பாருங்கள். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்றிருந்தால் பெரும்பாலும் நல்லது. ‘உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை’ என்ற பொருளில் வந்தால், வீட்டுக் கணினி ஒன்றில் அப்படி வர நியாயமே இல்லை. திருட்டு அக்டிவேட்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. பெரிய அலுவலகங்களுக்கான அந்த முறை 180 நாட்களுக்கே செல்லுபடியாகும். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க அக்டிவேட்டர் பின்னணியில் நிரந்தரமாக ஓடும். டிஃபென்டர் அதைப் பிடித்துவிடாதபடி கடைக்காரர் விலக்குப் போட்டிருப்பார். விண்டோஸ் செக்கியூரிட்டியில் ‘மனேஜ் செட்டிங்ஸ்’ அழுத்திக் கீழே ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பாருங்கள். அங்கே ஒரு ஃபோல்டர் இருந்தால் அதற்குள் எது வந்து விழுந்தாலும் கணினி கண்ணை மூடிக்கொள்ளும்.

இதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். மேலே ஆசிரியைக்குச் சொன்ன முறையில் டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸ் போடுங்கள். அதுவரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்க வேண்டாம். நல்ல செய்தி என்னவென்றால், அலுவலகங்களில் ஓடிக் கழிந்த திங்பேட், லெட்டிடியூட், எலைட்புக் லெப்டொப்கள் பலவற்றில் உண்மையான விண்டோஸ் புரோ சாவி பலகையிலேயே இருக்கும், தானாக அக்டிவேட் ஆகும். புதிதாகப் போட்டுத் திறக்கும்போது ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னால், அக்கணினி இன்னும் அவர்களின் பதிவிலிருந்து விடுவிக்கப்படவில்லை. உடனே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பாவித்த லெப்டொப் வாங்கும்போது இந்தச் சோதனைக்கு ஒரு வார அவகாசம் பேசி எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கேள்வி: அண்ணா கட்டாரிலிருந்து அனுப்பிய லெப்டொப். எல்லாம் அரபில் இருக்கிறது. அரபு மென்பொருள்களும் நிறைய. மொழியை மாற்றப் போனால் ஒரு மொழிக்குத்தான் உரிமை என்கிறது.
– மாணவி, இராகலை

பதில்: அது ‘சிங்கிள் லேங்குவேஜ்’ பதிப்பு. உரிமை ஒரு மொழிக்குத்தான், ஆனால் அது அரபாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆங்கில விண்டோஸ் பென்ட்ரைவால் புதிதாகப் போட்டால் அதே உரிமையில் ஆங்கிலத்தில் அக்டிவேட் ஆகும், அரபு மென்பொருள்களும் அத்தோடு ஒழியும். தமிழில் தட்டச்சு செய்ய இதனால் தடையில்லை. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன.

கேள்வி: வன்டிரைவ் நிறைந்துவிட்டது என்று ஓயாமல் சொன்னதால் அதை நீக்கினேன். டெஸ்க்டொப்பில் இருந்த படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் காணவில்லை!
– மாணவர், தலவாக்கலை

பதில்: பெரும்பாலும் அழிந்திருக்காது. உலாவியில் வன்டிரைவ் தளத்துக்குப் போய் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள், அங்கே இருக்கும். இல்லாவிட்டால் அத்தளத்தின் ‘ரீசைக்கிள் பின்’ பாருங்கள். கணினியில் ‘சீ’ டிரைவ், ‘யூசர்ஸ்’, உங்கள் பெயர், ‘வன்டிரைவ்’ ஃபோல்டருக்குள் ஒரு ‘டெஸ்க்டொப்’ இருக்கும், அதையும் பாருங்கள்.

நடந்தது இதுதான். வன்டிரைவ் என்பது மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடம். விண்டோஸ் புதிதாகத் திறக்கும்போது டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் வன்டிரைவுக்குள் நகர்த்திவிடுகிறது. இலவச இடம் 5 ஜீ.பி. மட்டுமே, ஒரு வருடக் கைப்பேசிப் படங்களுக்கே அது போதாது. நீக்க நினைக்கும் மற்றவர்கள் இந்த ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள். மேகச் சின்னம் உள்ள கோப்புகள் கணினியில் இல்லை. அவற்றை வலது கிளிக் செய்து ‘ஓல்வேய்ஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ்’ கொடுத்து, பச்சை அடையாளம் வரும்வரை காத்திருங்கள். பிறகு வன்டிரைவ் செட்டிங்ஸில் ‘மனேஜ் பேக்கப்’ திறந்து மூன்றையும் நிறுத்துங்கள். கோப்புகளைச் சாதாரண டெஸ்க்டொப்புக்குக் கையால் நகர்த்துங்கள். அதன் பிறகு ‘அன்லிங்க் திஸ் பீசி’. கடைசியாகத்தான் அன்இன்ஸ்டோல்.

கேள்வி: ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றனவே?
– வாசகர், நாவலப்பிட்டி

பதில்: விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்பவை வேண்டவே வேண்டாம். மைக்ரோசொஃப்டும் அவற்றை ஆதரிப்பதில்லை. சில ஆயிரம் பழைய வரிகளை அழிப்பதால் வேகம் கூடாது, தவறான ஒரு வரி போனால் கணினி திறக்காது. புகழ்பெற்ற சீகிளீனரின் 5.33 பதிப்பிலேயே 2017இல் தீநிரல் புகுந்திருந்தது நினைவிருக்கட்டும். பிடிவாதமாக நிற்கும் மென்பொருளுக்கு ‘பல்க் கிரெப் அன்இன்ஸ்டோலர்’ என்ற இலவச, திறந்த மூலக் கருவி நல்லது. மிச்சங்களைத் தேடிக் காட்டும்போது ‘நிச்சயம்’ என்று குறித்தவற்றை மட்டும் அழியுங்கள். விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் போய் நீக்கப் பார்ப்பவர்கள் கவனிக்க: அங்கே ‘விண்டோஸ் இன்ஸ்டோலர்’ சேவை இயங்குவதில்லை, ஆகவே பல மென்பொருள்கள் அங்கு நீங்க மறுக்கும். அது பழுது அல்ல.

கேள்வி: 2015இல் வாங்கிய கணினி, 4 ஜீ.பி. ரெம், விண்டோஸ் 10. எல்லாம் நீக்கியும் ஊர்கிறது. இனி என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற அதிபர், வெலிமடை

பதில்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. விண்டோஸ் 11க்கு டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைச் சில்லும் தேவை என்பதால் உங்கள் கணினி அதற்கு ஆகாது. பழைய சுழலும் வன்தட்டு என்றால் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டு, அதில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பை நிறுவுங்கள். பென்ட்ரைவிலிருந்தே முதலில் ஓட்டிப் பார்க்கலாம், கணினியில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதியுங்கள். பிரின்டர்தான் பெரும்பாலும் தகராறு செய்யும். தமிழுக்கு ஐபஸ் உள்ளீட்டு முறையும் அதன் எம்17என் பொதியும் போட்டால், இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் பட்டியலில் வரும். பாமினிக் கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவை இதிலும் நிறுவி லிப்ரே ஒஃபிஸில் திறக்கலாம்.